‘லோகோஸ்’ தமிழில்: வார்த்தை, வாக்கு, திணை
யோவான் நற்செய்தி முகவுரையின் தமிழ்ப் பெயர்ப்புகள் குறித்த ஒரு திறனாய்வு

1. ஆய்வுப் பொருள்

யோவான் நற்செய்தியின் முதற் பதினெட்டு வசனங்களை ஆய்வாளர் முகவுரை என வழங்குவர். அம்முகவுரையில் ‘லோகோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் நான்கு முறை மட்டுமே வருகின்றது. முதல் வசனத்தில் மூன்று முறை; பின்னர்ப் பதினான்காம் வசனத்தில் ஒரு முறை. இடைப்பட்ட பன்னிரண்டு வசனங்களில் அச்சொல் இல்லை. ஆயினும் அப்பன்னிரண்டு வசனங்களும் அதனைப் பற்றியனவே என்று கிறித்தவ மரபு வாசித்து வந்துள்ளது.

விவிலியத் தமிழ் பற்றிய ஆய்வுகளில் கடவுட் பெயர் குறித்த விவாதம் நன்கு அறியப்பட்டது. சீகன்பால்கு ‘சர்வேசுரன்’ என்றார். பப்ரிசியுசு ‘பராபரன்’ என்றார். 1871ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் ‘கடவுள்’ என்றது. இவ்வரிசையை வைத்துத் தமிழ்க் கிறித்தவத்தின் சமூக வரலாற்றையே எழுதிவிடலாம். ‘லோகோஸ்’ என்பதன் தமிழ்ப் பெயர்ப்பும் இவ்வாறே ‘வார்த்தையா, வாக்கா’ என்னும் பெயர்ச்சொல் வினாவாகவே பெரிதும் பேசப்படுகின்றது. சிக்கலின் உயிர்நிலை பெயர்ச்சொல்லில் இல்லை. அதனைத் தொடர்ந்து வரும் சுட்டுப்பெயரிலும் வினைமுற்றிலும் உள்ளது என்பது இக்கட்டுரையின் வாதம். கிரேக்க மூலம் பத்தாம் வசனம்வரை திறந்து வைத்திருக்கும் ஒரு வினாவுக்குத் தமிழ்ப் பெயர்ப்புகள் இரண்டாம் வசனத்திலேயே விடையளித்துவிடுகின்றன. அதற்குத் தமிழ் இலக்கணத்தின் திணைப் பாகுபாடு ஒரு காரணம். அது மட்டுமே காரணமன்று என்பதும் இங்கே காட்டப்படும்.

ஒப்பீட்டுக்கு இரு பெயர்ப்புகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, என்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்து, சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் வழக்கிலுள்ள ஐக்கிய மொழிபெயர்ப்பு. மற்றொன்று, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம். முன்னது ‘வார்த்தை’ என்றும், பின்னது ‘வாக்கு’ என்றும் முகவுரையைத் தொடங்குகின்றன.

2. சொல்லின் பொருட்பரப்பு

‘லோகோஸ்’ என்பது ‘லெகேய்ன்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. அவ்வினைக்குத் திரட்டுதல், எண்ணுதல், எடுத்துரைத்தல் ஆகிய பொருள்கள் உண்டு. ஆகவே பெயர்ச்சொல்லும் சொல், பேச்சு, கணக்கு, விகிதம், காரணம், அறிவு, நூல் எனப் பல திசைகளில் விரிகின்றது. எபேசு நகரத்து எராக்கிலைத்து அதனை உலக ஒழுங்கின் பெயராக ஆண்டார். ஸ்டோயிக்கர் அதனை அண்டம் முழுவதும் ஊடுருவி நிற்கும் அறிவாகக் கொண்டனர். அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் ஃபிலோ, கடவுளுக்கும் உலகுக்கும் இடைநின்ற ஆற்றலாக அதனை விளக்கினார். எபிரேயத்தில் ‘தாபார்’ என்னும் சொல் பேசப்பட்டதையும் நிகழ்ந்ததையும் ஒருங்கே குறிக்கும். அரமேய விளக்கப் பெயர்ப்புகளில் கடவுளின் செயலைக் குறிக்க ‘மெம்ரா’ என்னும் சொல் பயின்று வருகின்றது. நீதிமொழிகள் எட்டாம் அதிகாரத்தில் படைப்புக்கு முன்பே கடவுளோடிருந்த ஞானம் பெண்ணாக உருவகிக்கப்படுகின்றது. யோவானின் முகவுரைக்குப் பின்னே இவையனைத்தும் நிற்கின்றன. எது முதன்மையானது என்பதில் விவிலிய அறிஞரிடையே நீண்ட விவாதம் உண்டு; அதனை இக்கட்டுரை தீர்க்க முற்படவில்லை.

தமிழில் ‘எண்’ என்னும் அடி, எண்ணிக்கையையும் எண்ணத்தையும் ஒருங்கே தருகின்றது. ‘உரை’ என்னும் அடி, பேச்சையும் விளக்கத்தையும் நூலையும் தருகின்றது. கிரேக்கத்தில் ஒரே சொல்லில் அடங்கும் பரப்பு, தமிழில் இவ்விரு அடிகளுக்கிடையே பகிரப்பட்டுள்ளது. எனவே எந்தத் தமிழ்ச் சொல்லைத் தெரிந்தாலும் ஒரு பாதி வெளியே நிற்கும். இது மொழிபெயர்ப்பாளரின் குறையன்று. இரு மொழிகளின் அமைப்பு வேறுபாடு.

3. ஒரு சொல், பல பெயர்ப்புகள்

புதிய ஏற்பாட்டில் ‘லோகோஸ்’ ஏறத்தாழ 330 இடங்களில் வருகின்றது. ஐக்கிய மொழிபெயர்ப்பு இவற்றை எவ்வாறு தமிழாக்குகின்றது என்று பார்ப்பது பயன் தரும். திருத்தூதர் பணிகள் நூலின் தொடக்கத்தில், லூக்கா தம் முதல் நூலைக் குறிப்பிடுமிடத்தில் அது ‘பிரபந்தம்’ ஆகின்றது. உரோமையர் 14:12இல் கடவுளிடம் ஒப்புவிக்க வேண்டிய ‘கணக்கு’ ஆகின்றது. கொரிந்தியர் முதல் திருமுகத்தில் சிலுவை பற்றிய ‘உபதேசம்’ ஆகின்றது. விதைப்பவன் உவமையில் ‘வசனம்’ ஆகின்றது. இவ்வளவு நுட்பமாகப் பொருளறிந்து பெயர்த்தவர்களை எந்திரத்தனமாகச் செயற்பட்டவர்கள் என எவரும் கூற இயலாது. வைணவ இலக்கியத்தில் நிலைபெற்ற ‘பிரபந்தம்’ என்னும் சொல்லை லூக்காவின் நூலுக்கு அளித்தது, அவர்கள் தமிழ் இலக்கிய மரபுக்குள் நின்று சிந்தித்தமைக்குச் சான்று.

அதே நுட்பத்தை ‘லோகிகோஸ்’ என்னும் உரிச்சொல்லிலும் காணலாம். பேதுரு முதல் திருமுகம் 2:2இல், புதிதாய்ப் பிறந்த குழந்தைகள் விரும்பும் பால் பற்றிய உருவகத்தில் அவ்வுரிச்சொல் வருகின்றது. ஐக்கிய மொழிபெயர்ப்பு அங்கே ‘திருவசனம்’ என்றும் ‘ஞானப்பால்’ என்றும் இரு சொற்களால் அப்பொருளை ஈடு செய்கின்றது. சீகாழியில் ஞானப்பால் உண்ட திருஞானசம்பந்தரின் வரலாறு அறிந்த எந்தத் தமிழ் வாசகருக்கும் அச்சொல் வெறுஞ் சொல்லன்று. ‘லோகோஸ்’ என்பதில் அடங்கிய ‘அறிவு’ என்னும் பாதி, முகவுரையில் வெளியே நின்றது, இங்கே உள்ளே வந்துவிடுகின்றது.

ஆயினும் இந்நுட்பத்துக்கு ஒரு விலை உண்டு. யோவான் நற்செய்திக்குள்ளேயே ‘லோகோஸ்’ 40 முறை வருகின்றது. முகவுரைக்குப் பின் அது இயேசுவின் பெயராக வருவதில்லை. பெரும்பாலும் அவர் பேசும் பேச்சாகவே வருகின்றது. முகவுரையைக் கேட்ட செவிக்கு, பின்னர் ‘என் லோகோஸ்’ என்று இயேசு கூறும்போதெல்லாம் முதல் வசனம் எதிரொலிக்கும். ஐக்கிய மொழிபெயர்ப்பில் அதே சொல் 8:31இல் ‘உபதேசம்’, 8:51இல் ‘வார்த்தை’, 12:48இல் ‘வசனம்’, 17:17இல் மீண்டும் ‘வசனம்’ என மாறி மாறி வருகின்றது. இடத்துக்கேற்ற பொருள் கிடைக்கின்றது, எதிரொலி இழக்கப்படுகின்றது.

திருவிவிலியம் வேறொரு வழியை மேற்கொள்கின்றது. முகவுரையில் ‘வாக்கு’; 8:31, 17:17 போன்ற இடங்களில் ‘வார்த்தை’; 14:23இல் பெயர்ச்சொல்லே இன்றி ‘சொல்’ என்னும் வினையின் வடிவம். இங்கு நற்செய்தியின் உடற்பகுதி ஓரளவு ஒருமை பெறுகின்றது. ஆனால் முகவுரை அவ்வுடலிலிருந்து பிரிந்து நிற்கின்றது. தலைவாசலில் ஒரு பெயர், வீட்டினுள்ளே வேறொரு பெயர். இருவரும் ஒருவரே என்பதை வாசகர் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டியுள்ளது.

4. வார்த்தையும் வாக்கும்

‘வார்த்தை’ என்பது வடமொழி ‘வார்த்தா’ என்பதன் தற்பவம். செய்தி, நிகழ்ந்தது பற்றிய கூற்று என்பது அதன் மூலப்பொருள். தமிழில் அது ஒற்றைச் சொல்லையும் உரையாடலையும் ஒருங்கே குறிக்கும். ‘வார்த்தையாடுதல்’ என்பது வழக்கு. வைணவ ஆசாரியர்களின் கூற்றுகளைத் தொகுத்த நூலுக்கு ‘வார்த்தாமாலை’ என்பது பெயர். குரு கூறி, சீடர் கேட்டு, வழிவழியாக ஒப்படைக்கப்படும் பேச்சு என்னும் நிறம் அச்சொல்லுக்கு அங்கே ஏறியுள்ளது. பேச்சும் நிகழ்வும் பிரியாத எபிரேயத் ‘தாபார்’ என்பதற்கு இது நெருங்கிய உறவு.

இலத்தீனில் இதையொத்த விவாதம் நிகழ்ந்துள்ளது. எராஸ்மஸ் 1516இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் மரபுவழி வந்த ‘வெர்பும்’ என்னும் சொல்லையே வைத்திருந்தார். 1519ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அதனை ‘செர்மோ’ என மாற்றினார். ‘வெர்பும்’ தனிச்சொல், ‘செர்மோ’ தொடர்ந்து செல்லும் பேச்சு. தெர்த்துல்லியனும் சிப்பிரியனும் முன்பே ஆண்ட சொல் என்று அவர் சான்று காட்டியும் கடும் எதிர்ப்பு எழுந்தது. தமிழின் ‘வார்த்தை’ அவ்விரு பொருளையும் தன்னுள் கொண்டது. ஆகவே எராஸ்மஸ் எதிர்கொண்ட தெரிவைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

‘வாக்கு’ உயர்ந்த நடைக்குரியது. அதற்கு உறுதிமொழி என்னும் பொருள் உண்டு; கொடுத்த வாக்கைக் காத்தல் தமிழர் அறத்தில் பெருமதிப்புடையது. தெய்வம் ஏறியவர் கூறும் ‘அருள்வாக்கு’ என்னும் பொருளும் உண்டு. கத்தோலிக்க வழிபாட்டில் மறைநூல் வாசிப்பின் முடிவில் ஒலிப்பது அச்சொல்லே. அண்மைக் காலத்தில் தேர்தல் வாக்கு என்னும் பொருளும் சேர்ந்துள்ளது. முதலிரண்டு பொருள்களும் யோவானின் கருத்துக்கு இசைவானவை. கடவுள் அளித்த உறுதிமொழியே மனிதரானது என்று வாசிக்க ‘வாக்கு’ இடமளிக்கின்றது. ‘வார்த்தை’ அவ்வளவு எளிதில் இடமளிப்பதில்லை.

ஆனால் தமிழ்த் தத்துவ மரபில் ‘வாக்கு’ ஒரு கலைச்சொல்லுமாகும். சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நால்வகைப்படும் என்பது சைவ சித்தாந்தம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் இதனை விளக்குகின்றார். அந்நால்வகை வாக்கும் சுத்தமாயையின் காரியங்கள். மாயை சடம், ஆகவே வாக்கும் சடம். இறைவன் வாக்கு, மனம் ஆகியவற்றைக் கடந்தவன். ‘வாக்கே கடவுள்’ என்னும் கூற்று சித்தாந்தியின் செவிக்குச் சத்தப்பிரமவாதமாகவே ஒலிக்கும்; அது அவர் மறுக்கும் கொள்கை. ‘வாக்கு’ என்னும் சொல்லைத் தெரிந்தமை தமிழ் மெய்யியல் மரபோடு நற்செய்தியை இணைக்கின்றது என்று சிலர் மகிழ்வர். இணைக்கின்றது என்பது உண்மை. இணைக்குமிடத்தில் ஒரு முரணையும் உடன் வைக்கின்றது என்பதும் உண்மை. அம்முரண் விலக்கத்தக்கதன்று. சடமாகிய வாக்கு என்று கருதப்பட்டதே கடவுளாயிருந்தது என்றும், பின்னர் ஊனுடல் ஆனது என்றும் கூறும் நூலின் அதிர்ச்சியை ஒரு சைவ வாசகர் கிறித்தவ வாசகரைவிடக் கூர்மையாக உணரக் கூடும்.

இத்தகைய வாசிப்புக்கு வரலாற்றில் இடம் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சைவ மரபில் வந்த பொன்னம்பலம் இராமநாதன், ‘பரானந்தா’ என்னும் பெயரில் யோவான் நற்செய்திக்கு ஆங்கிலத்தில் எழுதிய கீழைத்தேய விளக்கவுரை 1902இல் இலண்டனில் வெளிவந்தது. பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி, ஆக்சுபோர்டில் ஆய்வுப் பட்டம் பெற்று, யோவானின் அன்புக் கோட்பாட்டைப் பத்தி மார்க்கமாக விளக்கும் நூலை 1920களில் எழுதினார். உள்ளுறையும் ‘லோகோஸ்’ என்பதை இராமானுசரின் அந்தர்யாமிக் கருத்தின் வழி விளக்கினார். இருவரும் தம் விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதினர். தமிழ்ச் சொல்லின் தெரிவு குறித்த வினா அதனால் அவர்களது நூல்களின் மையத்துக்கு வரவில்லை.

5. திணைச் சிக்கல்

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். கிரேக்கத்தில் ‘லோகோஸ்’ இலக்கண நிலையில் ஆண்பாற்சொல். கல், ஆறு, பேச்சு ஆகியனவும் கிரேக்கத்தில் ஆண்பாலாக வரலாம். இலக்கணப் பால், பொருளின் இயல்பைக் காட்டுவதன்று. எனவே இரண்டாம் வசனத்தில் வரும் ‘ஹூடோஸ்’ என்னும் சுட்டு, ஆண்பால் வடிவில் இருப்பினும், ‘இது’ எனவும் ‘இவர்’ எனவும் கொள்ளத்தக்கது. மூன்றாம், நான்காம் வசனங்களின் சுட்டு வடிவங்கள் ஆண்பாலுக்கும் அலிப்பாலுக்கும் பொதுவானவை. ஆக, நான்காம் வசனம்வரை பேசப்படுவது ஆளா, ஆற்றலா என்பதைக் கிரேக்க இலக்கணம் உறுதி செய்வதில்லை.

தமிழ் அவ்வாறன்று. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் திணைப் பாகுபாட்டோடுதான் தொடங்குகின்றது. பொருளின் இயல்பே திணையைத் தீர்மானிக்கின்றது. தெய்வத்தைக் குறிக்கும் சொற்கள் தமக்கெனத் தனி ஈறு இன்றி உயர்திணை ஈற்றைப் பெற்று முடியும் என்பது தொல்காப்பியர் கருத்து. நன்னூல் மக்கள், தேவர், நரகர் ஆகிய மூவரையும் உயர்திணையில் வைக்கின்றது. ‘வார்த்தை’யும் ‘வாக்கு’ம் அஃறிணை. அவற்றுக்கு வரும் வினைமுற்று ‘இருந்தது’ என்றே அமைதல் வேண்டும். ‘இருந்தார்’ என அமையின் திணைவழு. ஆனால் அவை கடவுளாயிருந்தன என்று அதே வசனம் கூறுகின்றது. ஒரே வசனத்துக்குள் எழுவாய் அஃறிணை, பயனிலை சுட்டும் பொருள் உயர்திணை.

ஐக்கிய மொழிபெயர்ப்பு முதல் வசனத்தின் மூன்று வாக்கியங்களையும் அஃறிணை முற்றால் முடிக்கின்றது. இரண்டாம் வசனத்தில் எவ்வித முன்னறிவிப்புமின்றி ‘அவர்’ என்று தொடங்குகின்றது. இம்மாற்றத்தோடு வேறொன்றும் மாறுகின்றது. கிரேக்கத்தில் முதல் வசனத்திலும் இரண்டாம் வசனத்திலும் கடவுளோடான உறவைக் குறிப்பது ஒரே தொடர். தமிழில் அது முதல் வசனத்தில் ‘இடத்தில்’ என்னும் உருபையும், இரண்டாம் வசனத்தில் ‘ஓடு’ என்னும் உருபையும் பெறுகின்றது. பொருளாயின் ஒருவரிடத்தில் இருக்கும். ஆளாயின் ஒருவரோடு இருப்பார். திணை மாறியவுடன் வேற்றுமையும் மாறுகின்றது. மொழிபெயர்ப்பாளரின் செவி எவ்வளவு தமிழ்ச் செவியாக இருந்தது என்பதற்கும், மூலம் ஒன்றாக வைத்ததைத் தமிழிலக்கணம் எவ்வாறு இரண்டாக்கிற்று என்பதற்கும் இதுவே தெளிவான சான்று.

திருவிவிலியம் இவ்விடறலை உணர்ந்துள்ளது. இரு வசனங்களிலும் ‘ஓடு’ உருபையே ஆள்கின்றது. இரண்டாம் வசனத்தின் தொடக்கத்தில் ‘வாக்கு என்னும் அவரே’ என ஒரு பாலம் அமைக்கின்றது. வாசிப்பு இடறாமல் செல்கின்றது. ஆனால் அப்பாலம் மூலத்தில் இல்லை. கிரேக்கத்தில் ஒரு சுட்டாக இருந்தது, தமிழில் ஒரு விளக்கவுரையாகிவிடுகின்றது.

பழைய இலக்கணிகள் இதற்கு வழி வைத்திருந்தனர் எனலாம். உவப்பு, உயர்வு, சிறப்பு முதலிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருதல் இயல்பே என நன்னூலார் அமைதி கூறுகின்றார். பதினான்காம் வசனத்தில் இரு பெயர்ப்புகளும் அவ்வமைதியின் பாற்பட்டே இயங்குகின்றன. ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘வார்த்தை’ என்னும் எழுவாய் அங்கேதான் முதன்முறையாக ‘வாசம்பண்ணினார்’ என்னும் உயர்திணை முற்றை நேரடியாகப் பெறுகின்றது. திருவிவிலியத்தில் ‘வாக்கு’, ‘ஆனார்’ என்னும் முற்றை ஏற்கின்றது. இங்கு அது வழுவன்று. நூலின் செய்தியே அதுதான். அஃறிணை உயர்திணையாதல் என்பதைத் தமிழ் தன் வினைமுற்றின் ஈற்றாலேயே கூறிவிட முடிகின்றது. கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் இல்லாத வாய்ப்பு இது. இரண்டாம் வசனத்திலேயே ‘அவர்’ வந்துவிடுவதால், பதினான்காம் வசனத்தில் நிகழ வேண்டிய அத்திருப்பம் முன்கூட்டியே செலவழிக்கப்பட்டுவிடுகின்றது என்பதே என் குறை.

6. பிற மொழிகளின் சான்று

இலக்கணம் வற்புறுத்தியதால் ‘அவர்’ வந்தது என்று கூறிவிட முடியாது. பெயர்ச்சொல் அஃறிணையாயிருக்க, ‘அது’ என்றே தொடர்வதுதான் தமிழிலக்கணத்தின் இயல்பான வழி. ‘அவர்’ வந்தது இறையியல் முடிவால். அம்முடிவு தவிர்க்க முடியாததா என்பதைப் பிற மொழிகள் காட்டுகின்றன.

லூத்தரின் செருமானியப் பெயர்ப்பில் ‘சொல்’ அலிப்பால். மூன்றாம் வசனத்தின் சுட்டும் அலிப்பாலே. டிண்டேலின் 1526ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பிலும் அங்கே ‘அது’ என்னும் பொருள்படும் சுட்டே உள்ளது. 1611ஆம் ஆண்டின் அரசப் பெயர்ப்பு அதனை ‘அவர்’ என மாற்றியது. லூத்தரும் டிண்டேலும் கிறித்துவின் இறைத்தன்மையை மறுத்தவர்களல்லர்.

பிரெஞ்சு மொழி இன்னும் பயனுள்ள சான்று. லூயி செகோனின் பெயர்ப்பு ‘பரோல்’ என்னும் பெண்பாற்சொல்லை ஆள்கின்றது. தொடர்ந்து வரும் சுட்டுகளும் பெண்பாலே. பதினான்காம் வசனத்தில்கூட நம்மிடையே தங்கியது பெண்பாற் சுட்டே. எருசலேம் விவிலியம் போன்ற கத்தோலிக்கப் பெயர்ப்புகள் ‘வெர்ப்’ என்னும் ஆண்பாற்சொல்லை ஆள்கின்றன, சுட்டுகள் ஆண்பால். கியூபெக்கில் 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தின் பின், புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பிரெஞ்சிலேயே கல்வி கற்கின்றனர். மொன்றியலில் வளரும் ஈழத்தமிழ்க் கிறித்தவத் தலைமுறை இந்நற்செய்தியை ஒரு மொழியில் பெண்பாலாகவோ ஆண்பாலாகவோ கேட்கின்றது. தாய்மொழியில் அஃறிணையாகத் தொடங்கி உயர்திணையாக மாறக் கேட்கின்றது. எது சரி என்று அப்பிள்ளைகள் வினவுவார்களாயின், அது இலக்கணம் அறியாமையன்று. மூலத்தின் நடுவே நிற்கும் வினா.

தமிழுக்கு இங்கு ஒரு சிறப்பும் உண்டு. ‘அவர்’ என்பது உயர்திணைப் பலர்பாலாய் மரியாதை ஒருமையில் வழங்குவது. அதில் ஆண், பெண் என்னும் வேறுபாடு இல்லை. நீதிமொழிகளின் ஞானமகளையும் நாசரேத்தின் இயேசுவையும் ஒரே சுட்டில் தாங்கத்தக்கது அது. பிரெஞ்சு தெரிவு செய்ய வேண்டிய இடத்தில் தமிழ் தெரிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே ‘அவர்’ வேண்டாம் என்பது என் வாதமன்று. எப்போது வர வேண்டும் என்பதே வினா.

7. பத்தாம் வசனம்

இதற்கு மூலமே விடை தருகின்றது. நான்காம் வசனத்தில் ஒளி அறிமுகமாகின்றது. ‘ஃபோஸ்’ என்னும் அச்சொல் கிரேக்கத்தில் அலிப்பால். ஐந்தாம் வசனத்தில் இருள் அவ்வொளியை மேற்கொள்ளவில்லை என்னுமிடத்தில் ‘அவ்டோ’ என்னும் அலிப்பாற் சுட்டு முறையாக வருகின்றது. ஆறாம் வசனத்தில் திருமுழுக்கு யோவான் என்னும் மனிதர் தோன்றுகின்றார். ஒன்பதாம் வசனத்தில் மீண்டும் ஒளியே பேசப்படுகின்றது. பத்தாம் வசனத்திலோ, உலகம் அறியவில்லை என்னுமிடத்தில், ‘அவ்டோன்’ என்னும் ஆண்பாற் சுட்டு வருகின்றது. அருகில் நிற்கும் பெயர்ச்சொல் அலிப்பாலாயிருக்க, சுட்டு அதனோடு இயையவில்லை. ஐந்தாம் வசனத்தில் இலக்கணத்தைப் பேணிய ஆசிரியர் பத்தாம் வசனத்தில் அதனை மீறுகின்றார். இச்சுட்டு தொலைவிலுள்ள ‘லோகோஸ்’ என்பதைத் தழுவியது எனக் கொண்டாலும், ஒளி என்னும் உருவகத்தை விலக்கி ஆளை முன்வைக்கும் இடம் அதுவே என்பதில் ஐயமில்லை. உலகம் அறியத் தவறியது ஓர் ஆற்றலையன்று, ஒருவரை. அறியப்படாமை நேருமிடத்தில்தான் ஆள் தன்மை வெளிப்படுகின்றது.

இதனைத் தமிழில் காத்தல் இயலுமா? இயலும். அதற்கான கருவிகள் தமிழிலக்கணத்திலேயே உள்ளன. முதலாவது, பெயரைத் திரும்பக் கூறுதல். இரண்டு முதல் நான்கு வசனங்கள்வரை சுட்டுப்பெயருக்கு மாறாகப் பெயர்ச்சொல்லையே ஆண்டால் ‘அது’ என்பதும் வேண்டா, ‘அவர்’ என்பதும் வேண்டா. இரண்டாவது, எச்சங்கள். பெயரெச்சமும் வினையெச்சமும் திணை, பால் ஈறுகளை ஏலாதவை. ‘இருந்த’, ‘இருந்து’ என்னும் வடிவங்கள் ஆளுக்கும் பொருளுக்கும் பொது. முற்றுகளைக் குறைத்து எச்சங்களால் தொடரை நடத்தினால், மூலத்தின் திறந்த நிலை தமிழிலும் திறந்தே நிற்கும். பத்தாம் வசனத்தில் ‘அவர்’ வரும்போது வாசகர் திடுக்கிடுவார். மூலத்தின் முதல் வாசகரும் அங்கே ஒருகணம் நின்றிருத்தல் கூடும்.

மறுப்பு ஒன்று எழும். இத்தகைய பெயர்ப்பு கிறித்துவின் ஆள்தன்மையைக் குறைத்துக் காட்டுவோர்க்குத் துணைபோகும் என்பது அது. நூல் பத்தாம் வசனத்திலும் பதினான்காம் வசனத்திலும் எவ்வித ஐயமுமின்றிக் கூறுவதை இரண்டாம் வசனத்திலேயே கூறாமையால் எக்கொள்கையும் இழக்கப்படுவதில்லை. மேலும் முதல் வசனத்தில் ‘தேவனாய்’, ‘கடவுளாய்’ என ‘ஆய்’ ஈற்றால் பெயர்த்திருப்பது, கிரேக்கத்தில் சார்படையின்றி வரும் பயனிலையின் நுட்பத்தை மிகச் செம்மையாகக் காட்டுகின்றது. வாக்கும் கடவுளும் வேறற்ற ஒரே ஆள் என்றும் அது கூறுவதில்லை. வாக்கு வேறொரு சிறு தெய்வம் என்றும் கூறுவதில்லை. பல மொழிகள் இடறிய அவ்விடத்தைத் தமிழ் ஓர் ஈற்றால் கடந்துள்ளது. அத்தகைய மொழியிடம் அடுத்த வசனத்திலும் பொறுமையை எதிர்பார்ப்பது மிகையன்று.

8. ஊன், குடில்

பதினான்காம் வசனத்தில் இன்னும் இரு சொற்கள் கருதத்தக்கன. ‘லோகோஸ்’ என்பது ‘சார்க்ஸ்’ ஆயிற்று என்கின்றது மூலம். ‘சார்க்ஸ்’ என்பது தசை, ஊன். ஐக்கிய மொழிபெயர்ப்பின் ‘மாம்சம்’ அதனை அவ்வாறே வைக்கின்றது. திருவிவிலியத்தின் ‘மனிதர்’ என்பது பொருளை விளக்குகின்றது. உயர்திணை முற்றுக்கும் இயைகின்றது. ஆனால் அழியும் ஊனுக்கும் அழியாச் சொல்லுக்கும் இடையே மூலம் வைத்த மோதல் மறைகின்றது. சித்தாந்த நோக்கில் வாக்கு சுத்தமாயையின் காரியம், ஊன் பிரகிருதிமாயையின் காரியம். இவ்விரண்டின் இடைவெளியை அறிந்த தமிழ் வாசகருக்கு ‘மாம்சம்’ என்னும் சொல்லின் வலிமை தனி.

அடுத்து வரும் ‘எஸ்கேனோசென்’ என்னும் வினை, கூடாரம் அமைத்துத் தங்கியதைக் குறிப்பது. பாலைநிலப் பயணத்தில் இசுரயேலரோடு சென்ற இறைக் கூடாரத்தின் நினைவு அதில் உண்டு. ‘வாசம்பண்ணினார்’ என்பதில் அந்நினைவு இல்லை. திருவிவிலியத்தின் ‘குடிகொண்டார்’ என்பதோ, கோயிலில் தெய்வம் குடிகொள்ளுதல் என்னும் தமிழ் வழக்கின் வழி, கூடாரத்துக்கு ஈடாக ஒரு கோயிலைத் தருகின்றது. இங்குப் புதிய பெயர்ப்பு பழையதினும் சிறந்தது. ஆயினும் கோயில் நிலைபெற்றது. கூடாரம் பெயர்ந்து செல்வது. ஊர்விட்டு ஊர் பெயர்ந்த மக்களுக்கு அவ்வேறுபாடு சிறிதன்று.

9. முடிவுரை

‘வார்த்தை’யா ‘வாக்கா’ என்னும் வினாவுக்கு இக்கட்டுரையின் விடை இதுவே. நற்செய்தியின் உட்புற எதிரொலியைக் காக்க ‘வார்த்தை’ ஏற்றது. ஆனால் முதல் அதிகாரம் தொடங்கிப் பதினேழாம் அதிகாரம்வரை அச்சொல்லையே மாறாது ஆளல் வேண்டும். உறுதிமொழி என்னும் ஆழத்தையும் தமிழ் மெய்யியலோடான முரணையும் விரும்புவோர் ‘வாக்கு’ என்று கொள்ளலாம்; அவர்களும் அதனை நூல் முழுவதும் ஆளல் வேண்டும். எச்சொல்லைக் கொள்ளினும், ‘அவர்’ என்னும் சுட்டைப் பத்தாம் வசனம்வரை நிறுத்திவைத்தல் மூலத்துக்கு நேர்மையானது, தமிழுக்கும் இயல்பானது.

தனிநாயகம் அடிகள் 1966இல் அந்தாவ் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியைக் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தபோது, கிறித்தவத் தமிழ் நூல்கள் தமிழியலின் ஓரத்துக்குரியன அல்ல என்பதை அச்செயலால் உணர்த்தினார். விவிலியப் பெயர்ப்புகளைச் சமய வரலாற்றின் சான்றுகளாக மட்டுமன்றித் தமிழிலக்கணத்தின் சோதனைக் களங்களாகவும் வாசித்தல் அவ்வழியின் தொடர்ச்சியாகும். திணைப் பாகுபாடு என்பது தொல்காப்பியர் காலத்தோடு முடிந்த இலக்கணச் செய்தியன்று. அஃறிணையென நாம் எண்ணியிருந்த ஒன்றை எந்த வசனத்தில் ‘அவர்’ என்று அழைக்கத் தொடங்குகின்றோம் என்பது தமிழ் பேசும் ஒவ்வொருவரும் வினைமுற்றின் ஈற்றில் எடுக்கும் முடிவு. அம்முடிவை மூலம் எடுக்குமிடத்தில் எடுப்பதே மொழிபெயர்ப்பாளரின் கடன்.